வாண்டுகளோடு கலர் பிஸ்கட்! கலருக்குக் கடைக்குப் போக வேண்டாம்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. இனி தினமும் 'அம்மா, போரடிக்குது' பல்லவிதான். கிறிஸ்துமஸ், நியூ இயர் சமயம் வேறு... பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பும் பச்சையுமாக நட்சத்திர பிஸ்கட்டுகள் அடுக்கியிருக்கும். 'எனக்கு அது வேணும்' என்று அடம் பிடிக்கிற வாண்டை என்ன சொல்லிச் சமாளிப்பீர்கள்?

'வா, நாமே வீட்ல செய்யலாம்' என்று சொல்லிப் பாருங்கள். கண் விரியும்! மாவை அளப்பது, பிசைவது, அச்சு வைத்து வெட்டுவது என்று ஒரு முழுச் சாயங்காலம் ஓடிவிடும்.

'சரி, கலருக்கு? கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போட்டா போச்சு' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு சிட்டிகைதானே?

நம் நாட்டில் உணவில் சேர்க்க 8 செயற்கை நிறங்களுக்குத்தான் அனுமதி. பிஸ்கட், கேக், மிட்டாய் போன்றவற்றில் அதுவும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான். நீங்கள் வீட்டில் செய்யப்போவது அரைக்கிலோவுக்கும் குறைவு. அப்படியானால் அதிகபட்சம் 50 மில்லிகிராம். நம் சமையலறைத் தராசில் அதை நிறுக்கவே முடியாது. பாக்கெட்டில் கலர் எவ்வளவு, அதோடு சேர்த்த உப்பு எவ்வளவு என்பதும் கண்ணுக்குத் தெரியாது. 'இன்னும் கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டுமே' என்று கை தாராளமானால் கணக்கு தப்பிவிடும்.

இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் 3 வயதுக் குழந்தைகளையும் 8, 9 வயதுக் குழந்தைகளையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2007-ல் வெளியானது. சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோவேட்டும் கலந்த பானம் குடித்தபோது குழந்தைகளின் துறுதுறுப்பு கூடியது, ஒரு இடத்தில் உட்கார்ந்து கவனிப்பது குறைந்தது என்றார்கள். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகும் என்றில்லை. ஆனாலும் 2010 முதல் ஐரோப்பிய நாடுகளில் அந்த நிறங்கள் சேர்த்த பண்டங்களின் மேல் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். அவற்றில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின் ஆகியவை இங்கேயும் புழக்கத்தில் இருப்பவைதான்.

இவையாவது அனுமதி பெற்றவை. அனுமதியே இல்லாத சாயங்கள் இன்னும் ஆபத்து. பஞ்சு மிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருப்பது தெரியவந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்கே தடை போட்டது நினைவிருக்கும். லேபிள் இல்லாமல் பொட்டலம் கட்டி விற்கிற கலர் பொடியை வீட்டுக்குள் விடாதீர்கள்.

முதலில் பிஸ்கட்

மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், ஏலக்காய்ப் பொடி கொஞ்சம். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மாவைச் சேர்த்து, ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் பால் தெளித்துப் பிசையுங்கள். முட்டையும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நட்சத்திரமோ நிலாவோ வெட்டுங்கள். அச்சு இல்லையா? டம்ளர் போதும்! 170 டிகிரி சூட்டில் 12 முதல் 15 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். சுமார் 25 பிஸ்கட் வரும்.

கலர் எப்போது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பீட்ரூட் சாற்றை மாவில் கலந்து சுட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். கீரைப் பச்சையும் சூட்டில் கறுத்துப் போகும். அதனால் வெள்ளையாகவே சுட்டு, நன்றாக ஆறிய பிறகு மேலே கலர் பூசுங்கள். 100 கிராம் ஐசிங் சர்க்கரையை நான்கு கிண்ணத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் கீழே சொல்லும் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கெட்டியாகக் குழைக்க வேண்டும்.

சிவப்பு: பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு, இரண்டு சொட்டு எலுமிச்சை. புளிப்பு இருந்தால் இந்த நிறம் நிற்கும். சோடா பட்டால் மாறிவிடும்.

மஞ்சள்: வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். இது சூட்டையும் தாங்கும் என்பதால் மாவிலேயே கூடச் சேர்க்கலாம். ஆனால் சோடா போட்ட மாவில் சேர்த்தால் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான்!

பச்சை: பாலக்கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, அரைத்து வடிகட்டிய சாறு. இதில் எலுமிச்சை கூடவே கூடாது, பச்சை மங்கிவிடும்.

நீலம்: மருந்து தெளிக்காத நீலச் சங்குப்பூ பத்து, காம்புப் பகுதியைக் கிள்ளிவிட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் ஊறவையுங்கள். குழந்தை கையால் ஒரு சொட்டு எலுமிச்சை விடச் சொல்லுங்கள்... நீலம் ஊதாவாகும்! 'எப்படிம்மா?' என்று நிச்சயம் கேட்பான். 'புளிப்புப் பட்டா இந்தச் சாயம் நிறம் மாறும்டா' என்று சொல்லிக் கொடுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், நீலமாகப் பூக்கிற எல்லாமே சங்குப்பூ இல்லை. சந்தேகமிருந்தால் வேண்டாம்.

யாருக்கு என்ன வேலை?

மூன்று, நான்கு வயசுக் குட்டிகள் பிசையட்டும், அச்சு அழுத்தட்டும். ஆறேழு வயசானால் அளக்கவும் கலர் பூசவும் தெரியும். அவன் மூடிய வாசலுக்கும் மேஜைக்கும் நடுவே ஓடும் வாண்டுகள் யாராக இருந்தாலும், சூடான தட்டைத் தொடும் வேலை பெரியவர்களுக்கே. அப்பாக்களையும் விட்டுவிடாதீர்கள், பாத்திரம் கழுவ ஆள் வேண்டாமா?

இதையும் கவனியுங்கள்

* பச்சை மாவை நக்க விடாதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும் வேகாத மைதாவில் கிருமி இருக்கலாம். 2016-ல் அமெரிக்காவில் மாவு மூலமே ஈ.கோலை கிருமி பரவியிருக்கிறது. பிசைந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.

* அலங்காரத்துக்கு முழு முந்திரி, பாதாம், கெட்டியான சர்க்கரை உருண்டை எல்லாம் ஐந்து வயதுக்குள் வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்துத் தூவுங்கள். வருகிற குழந்தைகளில் யாருக்காவது கொட்டைப் பருப்பு, பால் அலர்ஜி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

* இயற்கைக் கலர் என்றாலும் சர்க்கரை சர்க்கரைதான். இந்த அளவில் ஒரு பிஸ்கட்டில் சுமார் 7 கிராம் சர்க்கரை இருக்கும். 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது அமெரிக்க இதய சங்கத்தின் 2016 பரிந்துரை. ஆகவே நாளைக்கு இரண்டு போதும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். 2 வயதுக்குள் இருக்கும் பாப்பாவுக்கு இது வேண்டவே வேண்டாம்.

* பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீரோ மலமோ சிவப்பாகப் போகும். பயப்படாதீர்கள். பீட்ரூட்டை நிறுத்தியும் சிவப்பு தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* காய்கறிச் சாறு கலந்த ஐசிங் கெட்டுவிடும். அன்றைக்குத் தேவையானதற்கு மட்டும் பூசி, மீதி வெள்ளை பிஸ்கட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

வீட்டுக் கலர் கடைக் கலர் மாதிரிக் கண்ணைப் பறிக்காது, கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். இருக்கட்டுமே! 'இந்தச் சிவப்பு பீட்ரூட், நான்தான் பிழிஞ்சேன்' என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் தட்டை நீட்டும்போது அந்த முகத்தைப் பாருங்கள். அடுத்த முறை பேக்கரியில், 'இது எதுல இருந்து வந்த கலர்?' என்று அவனே கேட்க ஆரம்பித்துவிடுவான்.