நாய்க்குட்டிகளின் முகப்புண்கள்

யாழ்ப்பாணத்து வீடுகளிற் காவலுக்கென வளர்க்கப்படும் நாய்க்குட்டிகளின் மோவாயிலும் உதட்டோரத்திலும் புண்கள் தோன்றுதல் அரிதன்று. அவை யாவும் ஒரே நோயல்ல. மயிர்க்கால் அழற்சியுற்று எழும் சிறு பருவானது, பிதுக்காது தூய்மை பேணின், பெரும்பாலும் வயது முதிரத் தணியும். ஏறத்தாழ 3 வாரம் முதல் 4 மாதம் வரையுள்ள குட்டியின் முகம் திடீரென வீங்கி, நிணநீர்க் கணுக்களும் பருப்பின், அஃது உடலின் எதிர்ப்பாற்றலே பிறழ்ந்து விளைக்கும் கொடுநோயாதல் கூடும். அதற்கு ஸ்டீரொயிட்டு மருந்து இன்றியமையாதது. டெமொடெக்ஸ் என்னும் நுண்ணிய உண்ணி பெருகி, மயிருதிர்ந்து உண்டாகும் புண்ணோ, அதே மருந்தால் மேலும் முற்றும். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் நோக்கின் அவ்வுண்ணி வெளிப்படும். ஆதலின், நோயின் காரணத்தை நாடிய பின்னரே மருந்து செய்தல் வேண்டுமென்ற வள்ளுவர் நெறி வாயில்லாச் சீவனுக்கும் பொருந்துவதேயாம். கைமருந்து தடவிக் காலம் போக்காது மிருக வைத்தியரை நாடுவோமாக.