இரண்டு கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகள்

வண்ணாத்திவில்லு என்ற பெயரை நாட்டில் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது 2019 ஜனவரியில். அங்குள்ள தென்னந்தோட்டம் ஒன்றில் சுமார் 100 கிலோ வெடிபொருள் பிடிபட்டது. மூன்று மாதம் கழித்து உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்ததும் அந்தப் பெயர் மீண்டும் மீண்டும் உச்சரிக்கப்பட்டது. இதே பிரதேசத்தின் அருவக்காட்டில் கொழும்புக் குப்பையைக் கொட்டும் திட்டத்தை எதிர்த்து, 2018 இறுதியிலிருந்தே புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கியிருந்தார்கள். ஆனால் வெளியாருக்கு நினைவில் நின்றது வெடிபொருள்தான்.

அன்று ஆறு, ஏழு வயதில் இருந்தவர்கள் இன்று பதின்ம வயதினர். தங்கள் ஊருக்கு வெளியார் ஏற்கெனவே ஒரு பொருள் கொடுத்துவிட்ட நிலையில்தான் அவர்கள் சமூக ஊடகத்தில் 'நான் யார்' என்று எழுதத் தொடங்குகிறார்கள்.

பதின்ம வயதை உளவியலாளர் எரிக் எரிக்சன் ஒருவகைத் தவணைக் காலமாகப் பார்த்தார். பல வேடங்களைப் போட்டுப் பார்த்து, பொருந்தாததைக் கழற்றி வைக்கச் சமூகம் தரும் அவகாசம் அது. முன்பு ஒரு பெடியன் நடிகனைப்போல் முடி வளர்த்தாலும், சூடாக அரசியல் பேசினாலும், அடுத்த வருடம் ஊர் அதை மறந்துவிடும். முகநூலும் டிக்டொக்கும் அப்படி மறப்பதில்லை. கூட்டாளிகளுக்காகப் போட்டதை மாமாவும் பார்க்கிறார், ஆசிரியரும் பார்க்கிறார், புலனாய்வுக்காரரும் பார்க்கலாம்.

இது வீண் பயமல்ல. 2019 மே 12ஆம் திகதி, இதே மாவட்டத்தின் சிலாபத்தில், முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் இட்ட ஒரு வரி மிரட்டலாகப் படிக்கப்பட்டது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எழுதியவர் கைதானார். மறுநாள் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. வன்முறை பரவி, கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். வடக்கு கிழக்கிலும் பிரபாகரனின் படத்தைப் பகிர்ந்ததற்காக இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகியிருக்கிறார்கள். 2024 பெப்ரவரி முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது.

ஆகவே ஒரு பிள்ளை இரண்டு கணக்கு வைத்திருந்தால் அதைக் கள்ளத்தனம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒன்றில் கிரிக்கெட், பிறந்தநாள் வாழ்த்து, பூப்படம். மற்றதில், பத்துப் பேருக்கு மட்டும், கோபமும் காதலும் மதமும். எரிக்சன் சொன்ன அவகாசத்தைப் பெரியவர்கள் கொடுக்காததால், பிள்ளைகள் தாங்களே அதை உருவாக்கிக்கொள்கிறார்கள். பாடசாலைகளில் 'சமூக ஊடகங்களின் தீமைகள்' என்று கருத்தரங்கு வைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. 2020இல் பாடசாலைகளை மூடிவிட்டு, வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பி, கைபேசியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததும் நாங்கள்தான்.

முகநூலில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து தங்கியது புத்தளத்தில். அவர்களுடைய பேரப்பிள்ளை அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? பிறந்தது இங்கே. வீட்டில் கதைப்பதெல்லாம் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும். மன்னார் என்று எழுதினால் அங்கே 'எப்போது இருந்தாய்' என்பார்கள். புத்தளம் என்று எழுதினால் இங்கே சிலருக்கு இன்னும் 'அகதி'. வெறுமனே ஒரு கட்டத்தை நிரப்புவதற்கு இவ்வளவு யோசனை கொழும்புப் பிள்ளைக்கு வராது.

போர்க்காலத்தில் படங்களை எரித்தும், பொலித்தீனில் சுற்றிப் புதைத்தும் பழகிய தாய்மார் வன்னியிலும் கிழக்கிலும் ஏராளம். அவர்களும் இன்று பிள்ளையின் பதிவைப் பார்த்ததும் முதலில் சொல்வது 'அழி' என்றுதான். எரித்த படம் சாம்பலாகிவிடும். அழித்த பதிவு, ஸ்க்ரீன்ஷொட் எடுத்தவரின் கைபேசியில் கிடக்கும். இது தாய்க்குத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். 24 மணித்தியாலத்தில் மறையும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸைக்கூட, யார் பார்க்கலாம் என்று ஒவ்வொரு பெயராகத் தெரிவுசெய்த பிறகே போடுகிறார்கள்.