மறைத்து உண்ணும் மருந்து

பெங்களூரில் பணிபுரியும் மென்பொருட் பொறியாளர் ஒருவர் 2025 நவம்பரில் ஞானபாரதி காவல் நிலையத்தில் புகார் ஒன்று அளித்தார். தாம்பத்தியக் குறையை விரைவில் தீர்ப்பதாகச் சாலையோரக் கூடாரத்தில் ஒருவர் சொன்னதை நம்பி ஏறத்தாழ 48 லட்சம் ரூபாயை இழந்ததாகவும், அம்மருந்தை உண்டபின் சிறுநீரகம் பழுதுற்றதாகவும் அதில் கூறியிருந்தார். மருந்து வாங்கத் தனியாகவே வரவேண்டும், பணத்தை ரொக்கமாகவே தரவேண்டும் என்று நிபந்தனை விதித்தார்களாம். அந்தத் ‘தனியாக’ என்ற சொல்லில்தான் இவ்வணிகத்தின் முதல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இன்ப ஆற்றலைப் பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. ஆயினும் சுவரில் இருந்த விளம்பரம் இப்போது கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது.

சொற்களை மொழிக்கு மொழி கொண்டுசெல்வதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ‘ஆண்மைக் குறைவு’ என்னும் வழக்கு ஒருபோதும் உவப்பானதாக இருந்ததில்லை. விறைப்புக் குறைபாடு பெரும்பாலும் குருதியோட்டத்தில் நேரும் குறை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புகைப்பழக்கம், மனக்கவலை, வேறு நோய்க்கு உண்ணும் மருந்து ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இதயக் குழாய்களில் அடைப்பு உண்டாவதற்கு முன்னறிவிப்பாகவும் இது தோன்றுவதுண்டு. இதில் ஆண்மையை ஏன் இழுக்கவேண்டும்? மருத்துவரிடம் செல்லவேண்டியவரைக் கூடாரத்துக்கு அனுப்புவதில் இச்சொல்லுக்கும் பங்குண்டு.

வயாகரா என்று உலகம் அறிந்த சில்டினாபில், இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரிலுள்ள பைசர் ஆய்வுக்கூடத்தில் நெஞ்சுவலிக்கென ஆராயப்பட்டது. அந்நோய்க்கு அது பெரிதும் உதவவில்லை. எதிர்பாராத வேறொரு விளைவு வெளிப்பட்டது. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. இம்மருந்து இச்சையை உண்டாக்குவதில்லை. இச்சை எழும்போது குருதிக் குழாய்கள் விரிவதற்குத் துணைசெய்கிறது. வழக்கமான அளவு 50 மில்லிகிராம். நாளுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. 65 வயதைக் கடந்தோருக்கும், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் முற்றியோருக்கும் 25இல் தொடங்குவர். கொழுப்பு மிக்க விருந்துக்குப்பின் உண்டால் பயன் தாமதமாகும். உடனே பலிக்கவில்லை என்று இரண்டாவது மாத்திரையை விழுங்குவோர் இதனை அறிந்திருக்கவேண்டும்.

பேரிடர் வேறிடத்தில் இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் முதலிய நைட்ரேட் மருந்துகளும் குருதிக் குழாய்களை விரிப்பவையே. இரண்டும் உடலில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே கேடு விளையும். சில்டினாபில் உண்டபின் 24 மணி நேரமும், டடலாபில் உண்டபின் 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுப்பதில்லை. புராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்துண்போரும் மருத்துவரைக் கேட்டே இதனை உண்ணவேண்டும். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், பார்வையோ செவியோ திடீரென மங்கினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

நம் நாட்டில் இம்மருந்து மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படக் கூடாத வகையைச் சேர்ந்தது. ஆகவே இணையத்தில் சீட்டுக் கேளாமல் அனுப்பும் கடை, அந்த ஒன்றினாலேயே தன்னை இன்னதென்று காட்டிக்கொள்கிறது. விற்பவரின் உரிம எண் உள்ள ரசீது, பிரிக்கப்படாத மாத்திரை அட்டை, அதில் தயாரித்தவர் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகிய இவை இல்லாத பொட்டலத்தைத் திறவாதிருப்பதே நன்று. ‘மூலிகைதானே’ என்று தேறுவதற்கும் இடமில்லை. இயற்கைப் பொருளென விற்கப்பட்ட பலவற்றில் சில்டினாபில் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனைகளில் கண்டிருக்கிறது. நைட்ரேட் உண்பவர் அதனை அறியாமல் விழுங்கினால் என்னாகும்?

ஊர்விட்டு வந்த நமக்கு இன்னொரு இடையூறும் உண்டு. தமிழிலேயே சொல்லக் கூசும் செய்தியைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எவ்வாறு சொல்வது? கைப்பேசி கேள்வி கேட்பதில்லை. அதனால் பலர் அதனை நாடுகின்றனர். ஆனால் நள்ளிரவில் நெஞ்சு வலித்து அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும்போது, எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு உண்டார் என்பது அங்குள்ள மருத்துவருக்குத் தெரிந்தாகவேண்டும். அதற்குப் பேச்சும் தேவையில்லை. மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினால் போதும். அந்த அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்பதை மனைவியும் அறிந்திருக்கவேண்டும்.