ரோபோ, பிள்ளை, பக்கத்தில் ஓர் ஆள்

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ரோபோ மூலம் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றதும் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். "மனிசர்ட முகத்தையே பார்க்காத பிள்ளைக்கிட்ட மெஷினைக் குடுத்தா இன்னும் ஒதுங்கித்தானே போகும்?" நியாயமான கேள்விதான். ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் கேட்டு வருகிறார்கள்.

இந்த முயற்சி புதிதல்ல. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சில்வியா வேர், ரிக்கி இமானுவல் இருவரும் ஓட்டிசம் உள்ள சிறுவன் ஒருவனிடம் தரையில் நகரும் 'ஆமை' ரோபோ ஒன்றை இயக்கக் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் ஆமை நகரும். அந்த விளையாட்டு அவனைப் பிறரோடு தொடர்புகொள்ளத் தூண்டியது என்று 1976இல் எழுதினார்கள்.

ஏன் அப்படி? நாம் பேசும்போது கண், புருவம், உதடு, குரல் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஒரு தரம் சொன்ன மாதிரி மறுதரம் சொல்லவும் மாட்டோம். நமக்கு இது சும்மா நடக்கிற காரியம். ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கோ இது ஒரே இரைச்சல். ரோபோ அப்படியில்லை. பத்துத் தரம் கேட்டாலும் அதே சொல், அதே குரல். சலிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பிள்ளையின் பயம் குறைகிறது.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் உருவான 'காஸ்பர்' இதற்கு நல்ல உதாரணம். சின்னப் பிள்ளையின் அளவில் இருக்கும். அதன் முகத்தை வேண்டுமென்றே எளிமையாக அமைத்தார்கள். உடம்பில் தொடுகையை அறியும் உணரிகள் உண்டு. மெதுவாகத் தொட்டால் சந்தோஷப்படும். பலமாக அடித்தால் நோகுது என்று சொல்லும். அந்த நேரம் பக்கத்தில் இருக்கும் ஆசிரியர், "பாருங்க, அதுக்கு நோகுது. மெதுவாத் தொடுவோம்" என்று விளக்குவார். பாடம் நடப்பது அந்த இடத்தில்தான்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஸ்கஸலாட்டியின் குழு 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 6 முதல் 12 வயது வரையான 12 பிள்ளைகளின் வீடுகளுக்கு ரோபோ போனது. தினம் அரை மணி நேரம், 30 நாள், வீட்டுப் பெரியவர் ஒருவரும் கூட இருந்து விளையாட்டு. முடிவில், ரோபோ இல்லாத நேரத்திலும் பிள்ளைகள் பெரியவர் பார்க்கும் பொருளைத் தாங்களும் சேர்ந்து பார்ப்பது கூடியிருந்தது. 'இணைந்து கவனித்தல்' எனப்படும் இந்தத் திறன் பேச்சு வளர்வதற்கு முக்கியமானது.

ஆனாலும் 12 பிள்ளைகள் என்பது சிறிய எண்ணிக்கை. ஒரு பிள்ளைக்குப் பிடித்த ரோபோ இன்னொரு பிள்ளைக்குப் பயத்தைத் தரலாம். சில பிள்ளைகளுக்கு நாலு நாளில் அலுத்தும் போகலாம். ஓட்டிசம் 'குணமாக்க' வேண்டிய காய்ச்சலும் அல்ல. இதை வாங்கினால் பிள்ளை பேசிவிடும் என்று யாராவது விலை சொன்னால், பெற்றார் நம்பிக் கடன்படக் கூடாது. வைத்தியர், பேச்சுச் சிகிச்சையாளர், ஆசிரியர் ஆகியோரின் இடத்தை ரோபோ பிடிக்காது.

ரோபோவை மதிப்பிட ஒரே ஒரு கேள்வி போதும்: அதோடு பழகிய பிள்ளை மனிசர் பக்கம் திரும்புகிறதா? ரோபோவோடு மட்டும் சிரித்து, உம்மாவிடம் சிரிக்காவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ரோபோவிடம் உள்ள நல்ல குணங்கள் விலைக்கு வாங்க வேண்டியவை அல்ல. சின்னச் சின்னச் சொல்லாகப் பேசுவது, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது, பதிலுக்கு அவசரப்படாமல் காத்திருப்பது, அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பது. இவற்றை இன்றைக்கே வீட்டில் தொடங்கலாம்.