மெனோனைற் நெறியும் கலங்கிய காலத்து நம்பிக்கையும்

அரசியல் நிலைகுலைந்த காலங்களில் மக்கள் உள்ளத்தில் நிலவும் நம்பிக்கை இருவகைப்படும். நல்ல காலம் விரைவில் வந்துவிடும் என எதிர்பார்த்திருப்பது ஒன்று. காலம் எத்தகையதாயினும் தனக்குரிய அறத்தினின்றும் வழுவாது ஒழுகுவது மற்றொன்று. முன்னையது அரசுகளின் ஆக்கத்தோடு ஓங்கி, அவற்றின் கேட்டோடு ஒடுங்கும். பின்னையதன் இயல்பை அறிய விரும்புவோர்க்கு மெனோனைற்றினர் எனப்படும் கிறித்தவ சமயத்தாரின் ஐந்நூற்றாண்டு வரலாறு பெரிதும் பயன்படும்.

இவர்தம் தோற்றம் 1525ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் நிகழ்ந்தது. கொன்றாட் கிறேபெல், பீலிக்ஸ் மான்ஸ், ஜோர்ஜ் பிளவ்றொக் முதலியோர் ஒரு வீட்டிற் கூடி, அறிவறிந்த பருவத்தில் மீண்டும் ஞானஸ்நானம் பெற்றனர். சமயச் சடங்கொன்று அரசுக்கு அச்சம் விளைத்தது ஏன் எனச் சிலர் வினவலாம். அக்காலத்தில் குழந்தைக்கு அளிக்கப்பட்ட ஞானஸ்நானம் அதனைத் திருச்சபைக்கு உறுப்பினனாக்கியதோடு, சமயமும் அரசும் ஒன்றெனக் கொண்ட சமூகத்துக்குள்ளும் சேர்த்தது. சமயம் ஒருவன் தானே உணர்ந்து தெரிவது என்று கூறியவர்கள் அப்பிணைப்பையே அறுத்தனர். ஆகவே 1527 சனவரி 5ஆம் நாள் பீலிக்ஸ் மான்ஸ் லிம்மாற் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார்.

துன்பம் மிகுந்தவிடத்து நம்பிக்கை நெறி பிறழ்வதும் உண்டு. 1534இல் மறுஞானஸ்நானத்தாருள் ஒரு சாரார் செருமனியின் மூன்ஸ்ரர் நகரைக் கைப்பற்றினர், இறைவன் ஆட்சி வருவதற்கு நாட் குறித்தனர், வாளேந்தினர், தம்முள் ஒருவனை மன்னனாக்கினர். மறு ஆண்டு அந்நகர் வீழ, பலர் மாண்டனர். இவ்வழிவைக் கண்டு உளம் வருந்தியவருள் ஒருவர் மெனோ சைமன்ஸ். ஒல்லாந்துப் பகுதியான பிறீஸ்லாந்திற் கத்தோலிக்க குருவாயிருந்த அவர், 1536இல் அப்பதவியைத் துறந்து, சிதறுண்டு கிடந்த மக்களை வாளெடாத நெறியில் ஒன்றுசேர்த்தார். 1542இல் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் அவர் தலைக்கு 100 கில்டர் விலை குறித்தார். 1561இல் இறந்த அவர், அதற்குமுன் பல்லாண்டு வேட்டையாடப்படுபவராகவே வாழ்ந்தார். எனினும் பழிவாங்குமாறு எவரையும் ஏவினாரல்லர்.

இந்நெறியின் உட்பொருளை விளக்குவது டேர்க் வில்லெம்ஸ் என்பாரது வரலாறு. 1569இல் ஒல்லாந்தின் அஸ்பெரன் என்னும் ஊரிற் சிறையினின்றும் தப்பிய அவர், உறைந்த நீர்நிலையைக் கடந்து கரை சேர்ந்தார். துரத்தி வந்த காவலனோ பனிக்கட்டி உடைந்து நீருள் வீழ்ந்தான். வில்லெம்ஸ் திரும்பிச் சென்று அவனைக் காத்தார். அதனாற் பிடிபட்டு, மே 16ஆம் நாள் எரியூட்டப்பட்டார். யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டு இரண்டாண்டுகளின் பின், 1660இல், அந்நாட்டில் தீலெமன் வான் பிறாக்ற் வெளியிட்ட 'தியாகிகளின் கண்ணாடி' என்னும் பெருநூல் இதனைப் பதிவு செய்துள்ளது. வள்ளுவர் வகுத்த இன்னாசெய்யாமை என்னும் அதிகாரத்தைக் கற்றோர்க்கு இச்செயல் புதிதாய்த் தோன்றாது. அவர் மீண்டு சென்றது கைம்மாறு கருதியன்று. செய்யத்தக்கது அதுவே என்னும் துணிவினாலாகும்.

ஆயினும், வலியோர் கொடுமை செய்யுங்கால் வாளா இருத்தல் அக்கொடுமைக்குத் துணைபோவதாகாதோ என்னும் வினா எஞ்சுகின்றது. மெனோனைற்றினரும் இவ்வினாவின்முன் தடுமாறியதுண்டு. பேரரசி கத்தரீனின் அழைப்பையேற்று, 1789 முதல் இன்றைய உக்கிரெயின் நிலத்திற் குடியேறி வளமுற்றவர், உருசிய உள்நாட்டுப் போரில் மக்னோவின் படையினராற் கொள்ளையும் கொலையுமுற்றனர். அப்போது இளைஞர் பலர் தற்காப்புப் படை அமைத்து ஆயுதமேந்தினர். 1930களில் செருமனியின் மெனோனைற்றினருட் பலர் இற்லரின் ஆட்சியை வரவேற்றனர். எனவே இந்நெறி பிறப்பினால் வருவதன்று. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தெரிந்து கொள்ளவேண்டியதாம்.

அவ்வாறு தெரிந்தோர் வாளா இருந்தாரல்லர். உக்கிரெயினில் இடருற்றோர்க்கு உதவும் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவில் 1920இல் மெனோனைற் மத்திய குழு நிறுவப்பட்டது. 1922இல் அது பஞ்சப் பகுதிகளில் அன்னசாலைகளைத் திறந்து, தம்மவர்க்கும் பிறர்க்கும் உணவளித்தது. இரண்டாம் உலகப் போரில், மனச்சான்றின்பாற்பட்டுப் போரை மறுத்த ஏறக்குறைய 12,000 அமெரிக்கர், 1941 முதல் 1947 வரை நடைபெற்ற குடிசார் பொதுப்பணியிற் சேர்ந்தனர். அவருள் 4,600க்கு மேற்பட்டோர் மெனோனைற்றினர். பலர் மனநோய் மருத்துவமனைகளிற் பணிபுரிந்து, ஆங்கு நோயாளர் பட்ட இழிவை உலகறியச் செய்தனர். போரின் பின் மெனோனைற்றினர் தாமே மனநல நிலையங்களை நிறுவினர். கொல்ல மறுத்தவன் கடமையையும் மறுத்தவன் ஆகான் என்பதற்கு இதுவே சான்று.

அண்மைக் கால எடுத்துக்காட்டு எதியோப்பியாவினது. 1974இல் ஆட்சியைக் கைப்பற்றிய படையினர் 1982இல் அந்நாட்டு மெனோனைற் திருச்சபையைத் தடைசெய்து, அதன் உடைமைகளைப் பறித்தனர். தலைவர் சிலர் ஆண்டுக்கணக்கிற் சிறைப்பட்டனர். ஏனையோர் கிளர்ச்சி செய்யாது, வீடுகளிற் சிறு குழுக்களாகக் கூடி வழிபட்டனர், ஒருவரையொருவர் தாங்கினர். தடை தொடங்கியபோது ஏறக்குறைய 5,000 ஆயிருந்த அவர் தொகை, 1991இல் அவ்வாட்சி வீழ்ந்தபோது 34,000 அளவினதாயிற்று. அச்சபையின் பெயர் 'மெசரெத்தே கிறிஸ்தோஸ்' என்பது. கிறிஸ்துவே அடித்தளம் என அது பொருள்படும். மெனோ சைமன்ஸ் தம் நூல்களின் முகப்பிற் பொறித்து வந்த விவிலிய வாசகத்தின் கருத்தும் அதுவே.

அடித்தளம் என்னும் அச்சொல் ஈண்டு நினைக்கத்தக்கது. கட்டடத்தின் மேற்பகுதியைப் புயல் அலைக்கும். அடித்தளத்தை அஃது எளிதிற் சென்று தீண்டாது. ஆட்சி மாற்றத்தின்மேல் மட்டும் நம்பிக்கையை எழுப்பியவர், அம்மாற்றம் பிழைக்குங்காற் சோர்வர். பசித்தவனுக்கு உணவிடுதல், நோயாளனைப் பேணுதல், நீரில் வீழ்ந்த பகைவனுக்குக் கைகொடுத்தல் ஆகிய செயல்களின்மேல் அதனை எழுப்பியவர்க்கோ எக்காலத்தும் செய்தற்குரிய பணி ஒன்று உண்டு. அப்பணி உள்ளவரை அவர்தம் நம்பிக்கைக்கும் குறைவில்லை.