உங்களுக்குத் தெரியுமா? அச்சில் தமிழ் உடைவது ஏன்

கொழும்பில் அடித்த அழைப்பிதழில் ‘கொள்ளுப்பிட்டி’ சிதைந்து வந்தால் பழி அச்சகத்தின் மேல் விழுகிறது. ஆனால், அந்தப் பிழை பெரும்பாலும் கோப்பிலேயே புறப்பட்டிருக்கும். இலங்கையில் நீண்டகாலம் கோலோச்சிய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டால், கோப்புக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. அது அச்சகக் கணினியில் இல்லாவிட்டால் ஆங்கிலக் குவியலே மிஞ்சும்.

யூனிகோடு வந்தபின் இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். 1991இலேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது உண்மை. ஆனால் அது காப்பது எழுத்தின் அடையாளத்தை, வடிவத்தை அல்ல. ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியுமாகவே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைப்பது மென்பொருளின் வேலை. அதை அறியாத பழைய வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால் கொம்பு இடம்மாறிவிடும். ஆகவே எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பே பாதுகாப்பு. அச்சுக்கென வகுத்த பிடிஎஃப்-எக்ஸ் தரம் அதைக் கட்டாயமாக்குகிறது. எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றினால் போதாதா? போதும், ஆனால் அதன்பின் அவற்றைத் தட்டச்சிட்டுத் திருத்த முடியாது. மூலப் பிரதியைத் தனியே வைத்திருங்கள். அச்சகத்துக்கு அனுப்புமுன் பிடிஎஃப்பின் ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் உட்பொதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.