சுவரில் தொங்கும் பெட்டியை நம்பலாமா?

மாசித் தேரோட்டத்தன்று காரமடையில் திரளும் கூட்டத்தினிடையே ஒருவர் நினைவிழந்து சாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூச்சு நின்றுவிட்டது, அல்லது விட்டு விட்டு ஏங்குகிறது. நெரிசலைக் கடந்து 108 ஊர்தி வந்து சேரும்வரை இதயம் காத்திராது. மார்பை அழுத்துவாரும் இல்லையெனில், மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. விமான நிலையம் போன்ற இடங்களில் ஏ.இ.டி. என்னும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியை மாட்டி வைப்பது இதனால்தான்.

வேண்டிய நேரத்தில் அது வேலை செய்யுமா? இதய நோயாளிகளின் குடும்பத்தார்க்கு எழும் இந்த ஐயம் நியாயமானதே. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திற்கு 2005 ஜனவரி முதல் 2014 செப்டம்பர் வரை இக்கருவிகளின் கோளாறு பற்றி ஏறத்தாழ 72,000 அறிக்கைகள் வந்தன. அவை யாவும் உயிரிழப்புகள் அல்ல. எனினும், 2015-இல் அந்நிர்வாகம் இக்கருவிகளுக்கான அனுமதி விதிகளைக் கடுமையாக்கியது.

கோளாறுகளுள் பல மிக எளியவை. பேட்டரி தீர்ந்திருக்கும்; மார்பில் ஒட்டும் தகடுகளின் பசை உலர்ந்திருக்கும். கருவி தன்னைத் தானே சோதித்து, நலமெனில் பெரும்பாலும் பச்சை விளக்கையோ அதுபோன்ற குறியையோ காட்டும். ஆனால் அதைப் பார்க்க ஒரு மனிதர் வேண்டுமே! சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கருவியை வைப்பதும் தகாது. பல கருவிகளுக்கு 50 டிகிரி செல்சியசே உச்ச வரம்பு.

பழுதென்று தவறாகக் கருதப்படும் ஒன்றும் உண்டு. தகடுகளை ஒட்டியபின் ‘அதிர்ச்சி தேவையில்லை’ என்று கருவி சொல்லக்கூடும். தாறுமாறாகத் துடிக்கும் சிலவகை இதயத் துடிப்புகளுக்கு மட்டுமே மின்னதிர்ச்சி பயன்படும். முற்றிலும் ஓய்ந்த இதயத்திற்கு அது உதவாது. ஆகவே கருவி மறுத்ததும் நோயாளி பிழைத்துவிட்டார் என்றோ, பெட்டி கெட்டுவிட்டது என்றோ எண்ணிக் கையை எடுத்துவிடாதீர்கள். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில், மார்பின் நடுவே அழுத்திக்கொண்டே இருங்கள். இரண்டு நிமிடத்திற்கொரு முறை கருவியே மீண்டும் சோதிக்கும். அப்போது எவரும் நோயாளியைத் தொடலாகாது. கருவியே கிடைக்காவிடினும், உதவி வரும்வரை இவ்வழுத்தம் நிற்கக்கூடாது.

நீங்கள் பணிபுரியும் ஆலையிலோ, செல்லும் மண்டபத்திலோ இப்பெட்டி இருந்தால், விளக்கையும் தகட்டு உறையின் காலாவதி நாளையும் ஒருமுறை பாருங்கள். களவுக்கு அஞ்சிப் பெட்டியைப் பூட்டி, சாவியை மேலாளர் அறையில் வைப்போரும் உண்டு. அந்தச் சாவி இரவுப் பணி நேரத்தில் யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.